பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போவோமா?

ஆண்டிறுதி நெருங்கியதும் எமது முன்பள்ளிகளில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். சுற்றுலா! பெற்றாரிடம் பணம் சேர்த்து, பஸ் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, பேராதனைப் பூங்காவுக்கோ நுவரெலியாவுக்கோ புறப்படுவார்கள். வளைந்து வளைந்து இறங்கும் கலஹா வீதியில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். பூங்காவில் ஒரு மணித்தியாலம் வரிசையில் நடப்பார்கள். புகைப்படம் எடுப்பார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தகப்பன் லயத்துக்குத் திரும்புவார். இயற்கையைப் பார்த்தாயிற்று!

சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான்கு, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இயற்கை என்பது லயத்தின் பின்புறம், பீலிக்கரையைத் தாண்டிய அடுத்த வளைவிலேயே தொடங்கிவிடுகிறது. தெல்தோட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் எமக்கு அதைக் காண பஸ் தேவையில்லை. தேவைப்படுவது இரண்டு மணித்தியாலமும், பொறுமையுள்ள சில பெரியவர்களும், முன்கூட்டிய ஆயத்தமும்தான். அந்த ஆயத்தத்தைப் பற்றியே இக்கட்டுரை. முன்பள்ளி ஆசிரியைகள், பிள்ளை மடுவத்தைப் பராமரிக்கும் சகோதரிகள், ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள், இளைஞர் மன்றத்தார் ஆகியோரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தாய்மாரின் கேள்வி

இந்த எண்ணத்தை முன்பள்ளிப் பெற்றார் கூட்டமொன்றில் முன்வைத்தபோது முதலில் எழுந்த எதிர்ப்பு பாம்பைப் பற்றியதோ குளவியைப் பற்றியதோ அல்ல. ஒரு தாய் எழுந்து கேட்டார்: “நாங்கதான் நாளு முழுக்க மலையில கெடக்கோம். புள்ளைங்களாவது மலையப் பாக்காம படிக்கட்டும்னு நெனைக்கிறோம். நீங்க என்ன சாமி, அதுகளையும் மலைக்குக் கூட்டிப் போகச் சொல்றீங்க?”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ‘மலை’ என்றால் தேயிலைக் காணி. ‘மலைக்குப் போதல்’ என்றால் வேலைக்குப் போதல். அட்டையும் மழையும் கூடையின் பாரமும் கங்காணியின் சத்தமும் நிறைந்த சொல் அது. பிள்ளை அந்தச் சொல்லிலிருந்து தப்ப வேண்டும் என்று ஒரு தாய் விரும்புவதில் என்ன தவறு?

தவறில்லை. ஆயினும் தப்புதல் வேறு, அறியாதிருத்தல் வேறு. பிறந்து வளரும் மண்ணில் எந்தச் செடி நஞ்சு, எந்தப் பறவை எப்போது கூவும், மண் பிளந்தால் அதன் பொருள் என்ன என்று தெரியாமல் வளரும் பிள்ளை எங்கே போனாலும் ஏதோ ஒன்றை இழந்த பிள்ளைதான். அதோடு, பாடசாலையில் முதலாம் வகுப்பிலிருந்தே ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றொரு பாடம் உண்டு. புத்தகத்திலுள்ள படத்தைக் காட்டி அதைப் படிப்பிக்கிறோம். படத்திலுள்ள அதே தும்பி யன்னலுக்கு வெளியே பறந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தாய்க்கு அன்று கூட்டத்தில் பதில் சொன்னவர் நான் அல்ல, பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி. “வேலைக்குத்தான் கூட்டிப் போகக் கூடாது. பாக்கறதுக்குக் கூட்டிப் போனா என்ன?” என்றார். அவரே பின்னர் எமக்கு வழிகாட்டியானார்.

எங்கே போவது?

தெல்தோட்டையிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் லூல்கந்துர தோட்டம் உலகம் அறிந்த இடம். 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர், 1867இல் அங்கேதான் 19 ஏக்கரில் வர்த்தக நோக்கத்துக்கான தேயிலையை முதன்முதலாக நட்டார். அந்த ஏழாம் நம்பர் மலை இன்றும் இருக்கிறது. அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் கல் ஆசனமும் இருக்கிறது. 1892இல் இறந்த அவர் கண்டி மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயருக்குக் கல் உண்டு. அந்த 19 ஏக்கரையும் வெட்டித் துப்புரவாக்கிய எம்மவரின் பெயர்களுக்கு எந்தக் கல்லும் இல்லை என்பது இன்னொரு கட்டுரைக்கான விடயம்.

எனக்குப் பிடித்தது அந்தத் தோட்டத்தின் பெயர். சிங்களத்தில் ‘லூலா’ என்பது விரால் மீன். ‘கந்துர’ என்பது ஓடை. தேயிலை வருமுன், கோப்பி வருமுன், அந்த இடத்தை மனிதர் அறிந்தது ஒரு மீனையும் ஓர் ஓடையையும் கொண்டுதான். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். மீன் எங்கே என்று உடனே கேட்பார்கள். ஒரு நடைப்பயணத்துக்கு அந்தக் கேள்வி போதும்.

ஆனால் முதல் தடவையிலேயே கல் ஆசனம் வரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அரைக் கிலோமீற்றர் போதும், போக வர ஒரு கிலோமீற்றர். அதற்குள் ஒரு ஓடை, ஒரு பெரிய மரம், எல்லோரும் உட்காரக்கூடிய வெட்டவெளி ஆகிய மூன்றும் இருந்தால் அதுவே நல்ல பாதை. பெரியவர்கள் உச்சிக்குப் போக ஆசைப்படுவார்கள். பிள்ளையோ எறும்பு வரிசையைக் கண்ட இடத்தில் குந்திவிடும். எறும்பிடம் விட்டுவிடுங்கள்.

முதல் நாள் நடை

பயணத்தின் பெரும்பகுதி வேலை அதற்கு முதல் நாளே முடிந்துவிட வேண்டும். பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்கள் இருவர் அந்தப் பாதை முழுவதையும், பிள்ளைகள் நடக்கப்போகும் அதே நேரத்தில், அதே வேகத்தில் நடந்து பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் பார்த்தது போதாது. மலையில் ஒரு வாரத்தில் குளவிக் கூடு வரும், ஓரிரவில் கான் உடையும்.

யாரைக் கூட்டிப் போவது? இதில் நாம் பெரும்பாலும் பிழை விடுகிறோம். படித்தவரைத் தேடுகிறோம். மலையை அறிந்தவர் அங்கே தினமும் கொழுந்து எடுக்கும் பெண்தான். எந்தத் தூருக்கடியில் பச்சை விரியன் சுருண்டு கிடந்தது, எந்த மரத்தில் குளவி கட்டியிருக்கிறது, எந்தப் பாறை மழைக்கு வழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆனால் அவரை வேலை நாளில் அழைத்து அவருடைய சம்பளத்தில் கைவைக்காதீர்கள். ஞாயிறோ போயாவோ வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில்தான் முடியும் என்றால் அன்றைய பேரைக் கொடுத்துவிடுங்கள். பஸ் வாடகைக்குச் சேர்க்கும் பணத்தில் இது ஒரு சிறு பங்குகூட வராது.

தோட்டத் துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். இது வெறும் மரியாதைக்காக அல்ல. எந்த மலைக்கு எப்போது மருந்து அடிக்கிறார்கள், எங்கே உரம் போடுகிறார்கள், எங்கே கவ்வாத்து வெட்டுகிறார்கள் என்பது அலுவலகத்துக்குத்தான் தெரியும். மருந்து அடித்த மலையின் பக்கம் பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து வடியும் கானில் கைகால் நனைக்கவும் விடக்கூடாது. கவ்வாத்து வெட்டிய மலையில் கூரான கிளைகள் பிள்ளையின் கண் உயரத்துக்கு நிற்கும்.

ஓரத்தில் மரக்கறித் தோட்டம் செய்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டவிரோதமாக மின்கம்பி இழுப்பதும், சுருக்குக் கம்பி வைப்பதும் நாடெங்கும் நடக்கிறது. மின்கம்பியில் மனிதர் இறந்திருக்கிறார்கள். சுருக்கில் பன்றி மட்டுமா விழுகிறது? 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் சிக்கி, சில நாட்களில் இறந்தது. அதட்டிக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். “நாளைக்குச் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள்” என்று சொன்னால் மறைக்கமாட்டார்கள்.

வானமும் மண்ணும்

ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை எமது மலைகள் ஓரளவு காய்ந்திருக்கும். அதுவே நல்ல காலம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெளுத்திருந்தாலும் பிற்பகலில் இடிமின்னல் வரும். ஆகவே காலை ஏழரைக்குப் புறப்பட்டு, பத்து மணிக்கு முன் திரும்பிவிடுங்கள். இடிச் சத்தம் கேட்டால் பாதியிலேயே திரும்ப வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

மண்சரிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எந்த மாவட்டத்தையும் விடக் கண்டி மாவட்டத்திலேயே அதிக உயிர்கள் பலியாகின. அதற்குப் பிறகு பல பிள்ளைகள் மழைச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறார்கள். அந்தப் பயத்தை “ஒன்றுமில்லை” என்று தட்டிக் கழிப்பது பொய். மண் எப்படிப் பேசும் என்று கற்றுக்கொடுப்பதே அதற்கு மருந்து. நிலத்தில் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், தெளிந்த ஓடை திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவை ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும் அடையாளங்கள். நடைப்பயணத்தில் இவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம். கண்டால் தொடாமல், கிட்டப் போகாமல், பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர் கிராம உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்பது முதற்படி எச்சரிக்கைக்கான அளவு. எமது பிரதேசத்துக்கு மஞ்சள் இருந்தால்கூடப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். நேரான பக்கங்களுள்ள போத்தல் ஒன்றை வெட்டி, அளவுகோல் ஒட்டி, முன்பள்ளி முற்றத்தில் வைத்தால் பிள்ளைகளே மழையை அளப்பார்கள். முதல் நாள் போத்தல் நிறைந்திருந்தால் “இன்று போக முடியாது” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆசிரியை வில்லியாக வேண்டிய தேவை இராது.

ஓடைக்கும் இது பொருந்தும். இங்கே வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை திடீரென்று கீழே வரும். பிள்ளையின் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்தில் இறக்க வேண்டாம். ஓடைத் தண்ணீரைக் குடிக்கவும் விட வேண்டாம். மேலே லயம் இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது. 2007இல் கம்பளையில் அசுத்த நீரால் செங்கமாரி பரவியது பலருக்கு நினைவிருக்கும். ஓடையில் வாய் வைத்துக் குடித்த பிள்ளைகளின் மூக்குக்குள் அட்டை போய், வைத்தியர் எடுத்த சம்பவங்களும் இந்நாட்டில் உண்டு. ஆறவைத்த நீரை வீட்டிலிருந்தே கொண்டுபோகட்டும்.

ஆட்களும் பொருட்களும்

மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பன்னிரண்டு பிள்ளைகள் என்றால் நால்வர், அவர்களோடு முன்னே ஒருவர், பின்னே ஒருவர். பெற்றார் வராவிட்டால் பிள்ளைகளைக் குறைத்து இரண்டு தடவையாகப் போங்கள். எந்தப் பெரியவருக்கு எந்த மூன்று பிள்ளைகள் என்று பெயர் குறித்துச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள் என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஒடுங்கிய பாதையில் பழைய சேலையை முறுக்கிக் கயிறாக்கி, இடையிடையே முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளையாகப் பிடித்து வரச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு அது ரயில் விளையாட்டு. ஆசிரியைக்கு அது கணக்கு.

ஒவ்வொரு பிள்ளையின் பெற்றாரிடமும் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். இழுப்பு, வலிப்பு, முன்பு குளவி கொட்டி உடம்பு வீங்கியது போன்றவை உண்டா என்று வாயால் கேளுங்கள். தாளில் எழுதமாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள். இழுப்புக்கு மருந்து பாவிக்கும் பிள்ளையின் மருந்து ஆசிரியையின் பையில் இருக்க வேண்டும்.

உடுப்பு: நீளக் காற்சட்டை, நீளக் கைச் சட்டை, வெளிர் நிறம், தொப்பி. பாட்டா செருப்போடு பிள்ளையை அனுப்ப வேண்டாம். சப்பாத்து இல்லாத பிள்ளை இருந்தால் அதற்காக அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது, முன்பள்ளி இரண்டு மூன்று சோடி பழைய சப்பாத்துகளைச் சேர்த்து வைக்கலாம். பழைய தடித்த துணியில் முழங்கால் வரை தைத்த உறையைக் காற்சட்டைக்கு மேல் கட்டினால் அட்டை உள்ளே போகாது. வாசனைப் பவுடரும் தலையில் பூவும் அன்று வேண்டாம், அவை தேனீயையும் குளவியையும் அழைக்கும்.

பையில் தண்ணீர், சவர்க்காரம், சுத்தமான துணி, ஒட்டுத்துணி, ஒரு சிறு கத்தரிக்கோல், இரண்டு போர்வைகள், விசில், மின்னூட்டிய கைத்தொலைபேசி. பாதையில் எந்த இடத்தில் தொலைபேசி எடுபடுகிறது என்பதையும் முதல் நாள் நடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளர் வண்டிக்கு 1990. அது இலவச சேவை. அழைப்பவர் இடத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ‘பெரிய பாறைக்குக் கிட்ட’ என்றால் யாருக்கும் விளங்காது. தோட்டத்தின் பெயர், டிவிசன், மலை நம்பர், வண்டி வரக்கூடிய வீதி ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதித் தொலைபேசியோடு கட்டி வையுங்கள்.

பாம்பும் குளவியும் மற்றவையும்

பாம்பைப் பற்றிப் பேசாமல் பெற்றார் விடமாட்டார்கள். நாகமும் புடையனும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இலங்கையில் அதிகம் கடிக்கும் விஷப்பாம்பு, சிங்களத்தில் ‘குனகட்டுவா’ அல்லது ‘பொலொன் தெலிஸ்ஸா’ என்று சொல்லும், மூக்கு நுனி நிமிர்ந்த சிறு விரியன். ஏறத்தாழ ஒரு முழ நீளம், காய்ந்த இலையின் நிறம். சருகுக்குள்ளும் விறகுக்கட்டுக்குள்ளும் கல்லிடுக்கிலும் அசையாமல் கிடக்கும். கடித்த இடம் வீங்கும், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். வைத்தியசாலையில் ஏற்றப்படும் வழமையான விஷமுறிவு ஊசி இதற்குப் பயன்படாது. வைத்தியர்கள் சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் கவனித்துக் காப்பாற்றுகிறார்கள். பச்சை விரியனும் இப்படியே. அது தேயிலைத் தூரில் இருந்து கொழுந்து எடுப்போரின் விரலைக் கடிக்கும்.

எனவே ஊசியை நம்புவதை விடக் கையை அடக்குவதே மேல். பிள்ளைகளுக்கு மூன்று விதிகள் போதும். கண்ணால் பார்க்காத இடத்தில் கை வைக்காதே. பார்க்காமல் உட்காராதே. பாதையை விட்டு இறங்காதே. பத்து விதிகள் சொன்னால் ஒன்றும் நிற்காது. இந்த மூன்றையும் ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே முன்பள்ளியில் விளையாட்டாகப் பழக்க வேண்டும்.

கடித்துவிட்டால்? பிள்ளையைப் படுக்கவைத்து, கடித்த கை அல்லது காலை அசையாமல் தடி வைத்துக் கட்டி, காப்பு, வளையல், கொலுசைக் கழற்றி, தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிள்ளையை நடக்கவிடக் கூடாது. வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கயிறு கட்டுவதும் கல் வைப்பதும் கூடாது. பாம்பை அடித்துத் தேடி நேரத்தைக் கடத்தவும் கூடாது. அருகில் தெல்தோட்டை வைத்தியசாலை. அங்கிருந்து அனுப்பினால் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

உண்மையில் எமது தோட்டங்களில் பாம்பை விட நான் அஞ்சுவது குளவிக்குத்தான். எம்மவர் ‘குளவி’ என்ற ஒரே சொல்லால் இரண்டைச் சொல்கிறார்கள். ஒன்று, சிங்களத்தில் ‘பம்பரா’ எனப்படும் பெருந்தேனீ. உயர்ந்த மரத்திலும் பாறை முகட்டிலும் பெரிய தட்டாகத் தொங்கும். மற்றது ‘டெபரா’ எனப்படும் மெய்யான குளவி. ஒரு கல், ஒரு புகை, சில வேளை ஒரு பருந்து கலைத்தால்கூடப் போதும், கூட்டமாக வரும். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கொட்டு வாங்கி வைத்தியசாலையில் சேர்க்கப்படும் செய்தி வராத மாதம் குறைவு. முதல் நாள் நடையில் கூடு கண்டால் பாதையை மாற்றுங்கள். ‘மெதுவாகக் கடந்துவிடலாம்’ என்பது பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளோடு நடவாத காரியம்.

தப்பித் தவறி வந்துவிட்டால் கையை வீசக் கூடாது, நின்று பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பெரியவரும் தன் மூன்று பிள்ளைகளின் தலைமுகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு வந்த பாதையால் விலகி ஓடி, கதவு மூடக்கூடிய கட்டடத்துக்குள் போக வேண்டும். தேனீயின் கொடுக்கு தோலில் நிற்கும். அதை நகத்தால் உடனே வழித்துவிட வேண்டும். முகம் வீங்குதல், மூச்சு இழுத்தல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், அல்லது பல கொட்டுகள் பட்டிருந்தாலும், ‘பார்ப்போம்’ என்று இருக்காமல் 1990.

அட்டை ஆபத்தானதல்ல, அருவருப்பானது. நகத்தால் அதன் வாயைத் தள்ளினால் விடும், சவர்க்காரம் தடவினாலும் விடும். இரத்தம் சற்று நேரம் வடியும், கழுவித் துணியால் அமத்தினால் நின்றுவிடும். ஆசிரியை அலறினால் பன்னிரண்டு பிள்ளைகளும் அலறும். ஆசிரியை “பாருங்கள், இதற்கு எத்தனை மடிப்பு” என்று காட்டினால் அதுவே பாடம்.

காஞ்சொறியையும் ஊமத்தையையும் மஞ்சள் அரளியையும் குண்டுமணியையும் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். எதையும் வாயில் வைக்கக் கூடாது என்ற விதி வீட்டிலிருந்தே வரட்டும். தெல்தோட்டையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்கிறோம். ஒரே செடிக்கு மூன்று வீட்டிலும் வேறு பெயரும் வேறு கைமருந்தும் இருக்கும். பக்கத்து முன்பள்ளிகளும் சேர்ந்து போனால் பிள்ளைகள் ஒரு செடிக்கு இரண்டு மொழியில் பெயர் கற்று வருவார்கள். பெரியவர்களுக்கும் கதைக்க ஒரு விடயம் கிடைக்கும்.

மலைக்கு நாம் விருந்தினர்

பாதுகாப்பு என்றால் பிள்ளைக்கு மட்டுமா? பன்னிரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பூவைப் பறித்தால் அந்த வளைவில் பூ இராது. கல்லைப் புரட்டிப் பார்க்கலாம், பெரியவர் தடியால் புரட்ட வேண்டும், பார்த்தபின் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். அது ஒரு பூச்சியின் வீட்டுக் கூரை.

ஈரமான இடத்தில் நகத்தளவு தவளைகளைக் காணலாம். எமது நாட்டில் ஒருவகைப் புதர்த் தவளைகள் இருக்கின்றன. அவற்றுக்கு வாலுள்ள குஞ்சுப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து முழுத் தவளையாகவே வெளிவரும். இவற்றில் பல இனங்கள் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. காடு அழிந்ததால் சில இனங்கள் ஏற்கெனவே இல்லாமற் போய்விட்டன. போத்தலில் பிடித்து வர ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். வேண்டாம். உள்ளங்கையைத் தரையோடு வைத்து, அது ஏறினால் பார்த்து, இறங்கினால் விட்டுவிடலாம். 1937இன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல உயிரினங்களைப் பிடிப்பதையும் செடிகளை எடுப்பதையும் தடுக்கிறது என்பதைப் பெரியவர்களும் தெரிந்திருக்க வேண்டும். காட்டுச் சீதாளிக் கொடியை வீட்டு முற்றத்துக்குப் பிடுங்கி வருவது பிள்ளைகள் அல்லவே!

டொபித் தாளும் பிஸ்கட் உறையும் போனபடியே திரும்ப வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணிப்பை கொடுத்தால் பிறர் போட்டதையும் பொறுக்கி வரும். கண்ணாடித் துண்டையும் பழைய மருந்துப் போத்தலையும் தொடக்கூடாது என்று முதலே சொல்லிவிடுங்கள். நாயைக் கூட்டிப் போக வேண்டாம். ஒலிபெருக்கியும் வேண்டாம். இளைஞர் மன்றத்தார் கோபிக்கக் கூடாது.

வெட்டவெளியில் உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடி, கேட்கும் சத்தங்களை விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணத் தெரியாத பிள்ளையும் விரல் மடிக்கும். ஒருமுறை ஒரு பெண் பிள்ளை ஐந்து விரலையும் மடித்துவிட்டு, ஐந்தாவது “அம்மா கொழுந்து கிள்ளுற சத்தம்” என்றாள். அன்று போயா, மலையில் யாரும் இல்லை. ஆனாலும் நான் திருத்தவில்லை.

திரும்பிய பின்

முன்பள்ளிக்குத் திரும்பியதும் தலை எண்ணிக்கை. பிறகு ஒவ்வொரு பிள்ளையின் காதுமடல், காதுக்குள், கழுத்து, கக்கம், முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைத் தாயோ ஆசிரியையோ பார்க்க வேண்டும். உண்ணி ஒட்டும் இடங்கள் இவை. காதுக்குள் உண்ணி தெரிந்தால் குச்சியால் நோண்டாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். உண்ணியால் பரவும் காய்ச்சல் மத்திய மலைநாட்டில் உண்டு. இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலையிடி, தோலில் சிவந்த புள்ளிகள் வந்தால், “பிள்ளை மலைக்குப் போனது” என்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம் சிகிச்சையை விரைவாக்கும்.

அன்றே படம் கீறச் சொல்லுங்கள். மறுநாள் என்றால் பாதி மறந்துவிடும். படங்களை வகுப்பறையில் மட்டும் ஒட்டாமல் கொழுந்து மடுவத்தின் சுவரிலும் ஒட்ட அனுமதி கேளுங்கள். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது தாய்மார் பார்ப்பார்கள். முதலில் எதிர்த்த அந்தத் தாய், தன் மகன் கீறிய படத்தின் முன் நின்று, “இது எந்த மலை?” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். எட்டாம் நம்பர் மலையில் அவர் பதினேழு வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். மகன் கீறியது அந்த மலையை, ஆனால் தூரின் அடியிலிருந்து, ஒரு தவளை பார்க்கும் உயரத்திலிருந்து.

கடைசியாக, ஒரு கொப்பியை முன்பள்ளியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். போன திகதி, பாதை, குளவிக் கூடு இருந்த மரம், வழுக்கிய கல், தொலைபேசி எடுபட்ட இடம், வழிகாட்டிய பாட்டியின் லய நம்பர், பிள்ளைகள் அதிக நேரம் குந்தியிருந்த இடம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆசிரியைகள் மாறிப் போகிறார்கள், திருமணம் முடித்துப் போகிறார்கள், கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள். அடுத்து வருபவர் முதல் நாள் நடைக்கு அந்தக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படட்டும்.